வி.ஆர். ஹெட்செட் வாங்கி பீரோ மேல தூங்க விடாம இருக்கறது எப்படி

மொதல்லயே ஒத்துக்கறேன், நான் வாங்குனதும் பீரோ மேலதான் போச்சு. க்வெஸ்ட் 2, மெட்டா (அதான், பழைய ஃபேஸ்புக் கம்பெனி) போட்ட வி.ஆர்., அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட், மூஞ்சில மாட்டிட்டு உள்ள தெரியற உலகத்துல கேம் ஆடறது. வந்த முதல் வாரம் வீட்ல திருவிழா, பக்கத்து போர்ஷன் பசங்க வரைக்கும் வரிசைல நின்னாங்க, ரெண்டாவது வாரம் நான் மட்டும் ஆடுனேன், மூணாவது வாரம் நானும் இல்ல. நாலு மாசம் கழிச்சு ஆயுத பூஜைக்கு வீட்ட ஒழிக்கும்போது அம்மா அத இறக்கி வச்சு "இது என்னடா இது, சாமானா, இதுக்கும் பொட்டு வச்சிரவா"ன்னு கேட்டாங்க. வச்சிட்டாங்க. சந்தனம் லென்ஸ்ல பட்டுருமோன்னு நான் பதறுனதுதான் அந்த நாலு மாசத்துல அந்த ஹெட்செட் மேல நான் காட்டுன ஒரே அக்கறை.

அதுக்கப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். வி.ஆர். ஏன் இன்னும் எல்லார் வீட்டுக்கும் போகலன்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில் "விலை ஜாஸ்தி". சரிதான், ஆனா நான் காசு குடுத்து வாங்கிட்டேனே, அப்புறமும் ஏன் ஆடல? காசு போனதுக்கப்புறமும் ஒருத்தன் ஆடலன்னா தடை வேற எங்கயோ இருக்குன்னு அர்த்தம். எனக்கு அது எங்க இருந்துச்சுன்னா, சோஃபால இருந்து எந்திரிக்கறதுக்கும் கேம் ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல இருக்கற அந்த அஞ்சு பத்து நிமிஷத்துல. சார்ஜ் இருக்காது, கண்ட்ரோலர் பேட்டரி செத்திருக்கும், அப்டேட்னு ஒரு கோடு ஓடும், டீப்பாய தள்ளணும், லென்ஸ் தொடைக்கணும், கண்ணாடிய கழட்டணுமா போட்டுக்கணுமான்னு குழப்பம், எல்லாம் முடிச்சு மாட்டுனா வேர்வை. போன்ல கேம் ஆடணும்னா பாக்கெட்ல கைய விட்டா போதும். இந்த வித்தியாசத்த நீங்க எவ்ளோ கொறைக்கறீங்களோ அவ்ளோ நாள் ஹெட்செட் உயிரோட இருக்கும். நான் அடுத்து வாங்குன க்வெஸ்ட் 3 ரெண்டு வருஷம் நெருங்கியும் இன்னும் வாரத்துக்கு நாலு நாள் ஓடுது, அது எப்படின்னுதான் எழுதறேன்.

இது நமக்கு மட்டும் நடக்கற கதை இல்லங்கறதயும் சொல்லிடறேன். 2012ல வி.ஆர். ஹெட்செட் செய்யக் கிளம்புன ஆக்குலஸ் கம்பெனி, மக்கள்கிட்ட காசு திரட்டற கிக்ஸ்டார்ட்டர் தளத்துல ரெண்டரை லட்சம் டாலர் கேட்டு 24 லட்சத்துக்கு மேல வாங்குச்சு, 2014ல ஃபேஸ்புக் அத 200 கோடி டாலருக்கு வாங்கிக்கறதா சொல்லுச்சு, அப்போ எல்லாரும் இன்னும் அஞ்சு வருஷத்துல டிவியே இருக்காதுன்னு பேசுனாங்க. இப்போ பிசி கேம் விக்கற ஸ்டீம்ல மாசா மாசம் எடுக்கற ஹார்ட்வேர் சர்வேல வி.ஆர். வச்சிருக்கறவங்க நூத்துக்கு ரெண்டு பேர் அளவுலயே சுத்திட்டிருக்கு. மெட்டால வி.ஆர். பாக்கற ரியாலிட்டி லேப்ஸ் பிரிவுக்கு 2024ல மட்டும் 1,770 கோடி டாலர் நஷ்டம். அவ்ளோ காச கொட்டியும் அந்த பீரோ பிரச்சனைய அவங்களால தீர்க்க முடியல, ஆனா உங்க வீட்ல நீங்க தீர்த்துக்கலாம்.

வாங்கறதுக்கு முன்னாடி

கார்ட்போர்டு டைப்ப வச்சு வி.ஆர். எப்படின்னு முடிவு பண்ணாதீங்க. போன சொருகி பாக்கற டப்பா இருக்கே, 2014ல கூகுள் கொண்டு வந்த கார்ட்போர்டு, அப்புறம் நம்ம ஊர்ல 2023 ஐபிஎல் சமயத்துல 1,299 ரூபாய்க்கு வந்த ஜியோடைவ், அதெல்லாம் வீடியோ பாக்க ஓகே. தலைய திருப்புறது மட்டும்தான் அதுக்கு தெரியும், நீங்க ஒரு அடி முன்னாடி போனா, குனிஞ்சா, அதுக்கு தெரியாது, அதனாலயே தலை சுத்தும். நிறைய பேர் இத மாட்டிப் பாத்துட்டு "வி.ஆர். எனக்கு ஒத்துக்கலப்பா"ன்னு முடிவு பண்ணிட்டாங்க, அது பரோட்டாவ ஆறிப்போய் மறுநாள் சாப்ட்டுட்டு பரோட்டாவே பிடிக்காதுன்னு சொல்ற மாதிரி.

கேம் ஆடணும்னா குறைஞ்சது தலையோட இடத்தையும் கையோட இடத்தையும் கண்டுபிடிக்கற ஹெட்செட் வேணும். இப்போதைக்கு சுலபமானது க்வெஸ்ட் 3, 3எஸ் ரெண்டும்தான், பிசி வேணாம், ஒயர் வேணாம். 3 வந்தப்போ 2023 அக்டோபர்ல 499 டாலர், 3எஸ் 2024 அக்டோபர்ல 299 டாலர். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் லென்ஸ்தான். 3எஸ்ல க்வெஸ்ட் 2ல இருந்த அதே மாதிரி ஃப்ரெனெல் லென்ஸ், நடுவுல பாத்தா தெளிவா இருக்கும், ஓரத்துல மங்கும். 3ல பான்கேக் லென்ஸ், ஓரம் வரைக்கும் தெளிவு. முதல் தடவை வாங்கறவங்களுக்கு 3எஸ் போதும்னு நான் சொல்வேன், ஆனா கண்ணாடி போடறவங்க, நிறைய படிக்கற, வீடியோ பாக்கற ஆளுங்க 3க்கு போங்க. பிளேஸ்டேஷன் 5 ஏற்கனவே வச்சிருந்தா அதோட இணைச்சு ஆடற சோனியோட பிஎஸ் விஆர்2 யோசிக்கலாம், படம் பிரமாதமா இருக்கும், ஆனா ஒயர் உண்டு, பழைய பிஎஸ் விஆர் கேம் எதுவும் அதுல நேரா ஓடாது. ஆப்பிள் விஷன் ப்ரோ வந்தப்போ 3,499 டாலர், அத கேம் ஆடறதுக்குன்னு யாராச்சும் வாங்குனா அவங்களுக்கு இந்த கைடு தேவைப்படாது, ஆள் வச்சுக்குவாங்க.

நான் வாங்குன நேரத்துல மெட்டா நம்ம நாட்டுல நேரடியா விக்கல, இறக்குமதி பண்றவங்க கிட்டதான் வாங்குனேன். டாலர் விலைய அன்னைக்கு ரேட்டால பெருக்கி கணக்கு போட்டு போனா கடைக்காரர் சொல்ற விலை வேற மாதிரி இருக்கும், அது வரி, அவங்க லாபம் எல்லாம் சேந்தது. அது கூட பரவால்ல. என்னோட முதல் ஹெட்செட்ல வலது கண் பக்கம் ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி செத்துப் போயிருந்துச்சு, வித்தவரு "கம்பெனி வாரண்டி சார்"ங்கறாரு, கம்பெனி பக்கம் போனா வாங்குன நாட்டுலதான் பாக்க முடியும்ங்கறாங்க, நடுவுல நான் அந்த புள்ளியோட சமாதானமா வாழ கத்துக்கிட்டேன். அதனால வாங்கும்போது கடைக்காரர் கிட்ட எத்தன நாள்ல மாத்திக் குடுப்பீங்கன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க, வாய்ல சொல்றது செல்லாது. வெளிநாட்டுல இருந்து மாமா, சித்தப்பா யாராச்சும் வந்தா சொல்லி வாங்கறது விலைக்கு லாபம், ஆனா ரிப்பேர்னா அவரு கூடவே திரும்பிப் போகணும்.

இன்னொண்ணு, உங்க ரெண்டு கண்மணிக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு தெரிஞ்சு வச்சுக்குங்க. கண்ணாடி கடைல கேட்டா பி.டி.ன்னு அளந்து சொல்லிருவாங்க, மில்லிமீட்டர்ல இருக்கும். க்வெஸ்ட் 2, 3எஸ் ரெண்டுலயும் 58, 63, 68ன்னு மூணே நிலைதான், 3ல சக்கரம் திருப்பி நுணுக்கமா வச்சுக்கலாம். உங்களோடது 66 வந்துச்சுன்னா 3எஸ் ரெண்டுக்கும் நடுவுல மாட்டும். இத கவனிக்காம ஒரு வாரம் மங்கலாவே பாத்துட்டு தலைவலின்னு தூக்கிப் போட்டவங்கள எனக்கு தெரியும்.

இடம்

நின்னு நடந்து ஆட ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர், அதாவது ஆறரை அடிக்கு ஆறரை அடி காலியா இருக்கணும்னு சொல்றாங்க. அமெரிக்கால வீட்டு பேஸ்மெண்ட்ல ஆடறவன் எழுதுன அளவு இது. நம்ம வாடகை வீட்டு ஹால்ல டிவி ஸ்டாண்டு, சோஃபா, சைக்கிள், வாட்டர் கேன், காயப்போட்ட துணி ஸ்டாண்டு எல்லாம் போக மிச்சம் ஒரு பாய் விரிக்கற இடம்தான். அது போதும். நெஜமா போதும். பாய்னு சும்மா சொல்லல, ஒரு சின்ன மிதியடியோ யோகா மேட்டோ நடுவுல விரிச்சு செருப்பில்லாம நில்லுங்க, கால் மேட்ட விட்டு தாண்டுனா உள்ளங்கால்லயே தெரிஞ்சிரும். ஹெட்செட் உள்ள காட்டற பவுண்டரி கோடு, அதாவது எல்லைக் கோடு, கண்ணுக்கு தெரியறதுக்கு முன்னாடி காலுக்கு தெரியும்.

மேல பாருங்க. ஃபேன். இடம் அளக்கும்போது நாலு பக்கமும் பாப்போம், தலைக்கு மேல பாக்க மறந்துருவோம். கண்ட்ரோலரோட கைய முழுசா தூக்கி ஒரு குதி குதிச்சு பாருங்க, ஃபேன் ஆஃப் பண்ணிட்டுதான், எட்டுச்சுன்னா அந்த எடம் வேணாம், ஒரு ரெண்டடி தள்ளி நில்லுங்க. லாஃப்ட் இறங்கி இருக்கற எடமும் அப்படித்தான்.

அடுத்து பீரோ கண்ணாடி. ஹெட்செட்ல இருக்கற கேமரா சுத்தி இருக்கற சுவரு, சாமான் எல்லாத்தையும் பாத்துதான் நீங்க எங்க இருக்கீங்கன்னு கணக்கு போடுது, இததான் ட்ராக்கிங்னு சொல்றது, எதிர்ல ஆளுயரக் கண்ணாடி இருந்தா அதுக்குள்ள இன்னொரு ரூம் இருக்கறதா நெனச்சு தடுமாறும், கை திடீர்னு பறந்து போகும். ஒரு போர்வைய மேல போட்டுட்டு ஆடுங்க. அதே மாதிரி வெளிச்சம் கம்மியா இருந்தா ட்ராக்கிங் போயிரும், இருட்டுல ஆடுனா நல்லாருக்கும்னு லைட்ட அணைக்காதீங்க, உள்ள எப்படியும் இருட்டுதான். ட்யூப்லைட் மினுக்குறதால தொல்லை வந்தா செட்டிங்ஸ்ல ட்ராக்கிங் ஃப்ரீக்வென்சின்னு ஒண்ணு இருக்கும், நம்ம ஊர் கரண்டுக்கு 50 ஹெர்ட்ஸ் வைங்க.

மொட்டமாடில நிறைய இடம் இருக்கேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. வேணவே வேணாம். பகல்ல லென்ஸ் வழியா வெயில் உள்ள விழுந்தா பூதக்கண்ணாடில பேப்பர எரிக்கற அதே கதைதான், சில நொடில ஸ்க்ரீன்ல தழும்பு விழுந்துரும், அது ஆறாது. ராத்திரி போனா இருட்டுல ட்ராக்கிங் போயிரும். அது போக கைப்பிடிச்சுவரு வேற இருக்கு, சொல்லவே வேணாம். வீட்டுக்குள்ள கூட ஜன்னல் பக்கம் லென்ஸ் தெரியற மாதிரி வைக்காதீங்க, ஒரு பழைய துண்ட மேல போட்டு வைங்க.

வயித்த பொரட்டறது

இதுதான் பெரிய விஷயம், இத மட்டும் ஒழுங்கா கையாண்டா பாதி கிணறு தாண்டுன மாதிரி. கொடைக்கானல் மலையேறும்போது பஸ்ல புக்கு படிச்சா குமட்டும் இல்லையா, அங்க என்ன நடக்குதுன்னா உள்காது "நாம ஆடறோம், திரும்பறோம்"ங்குது, கண்ணு "இல்லயே, எழுத்து அசையாமதான இருக்கு"ங்குது. வி.ஆர்.ல இதே சண்டை தலைகீழா. கண்ணு "ஓடறோம்"ங்குது, காது "நீ ஹால்ல மேட்டு மேல நிக்கற"ங்குது. மூளை குழம்பி வயித்த பொரட்டி விட்ருது. அதனால நீங்க வீரமா இருக்கீங்களா இல்லையாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ராட்டினத்துல பத்து ரவுண்டு போறவன் இதுல ரெண்டு நிமிஷத்துல உக்காந்துருவான், நான் பாத்திருக்கேன்.

முதல் விதி, தாக்குப் பிடிக்காதீங்க. "இன்னும் கொஞ்ச நேரம் ஆடுனா பழகிரும்"னு பல்ல கடிச்சிட்டு ஆடுனீங்கன்னா பழகாது, நேர்மாறா மூளை அந்த ஹெட்செட்டயே குமட்டலோட முடிச்சு போட்டு வச்சுக்கும், அப்புறம் அத கைல எடுத்தாலே, அந்த ஸ்பான்ஜ் வாசனை வந்தாலே ஒரு மாதிரி ஆகும். நெத்தி லேசா வேர்க்குது, எச்சி ஊறுது, காது சூடாகுதுன்னா அந்த நொடியே கழட்டிருங்க. கேம் சேவ் ஆகலன்னா போகட்டும். முழுசா சரியான பின்னாடிதான் மறுபடி, அன்னைக்கே வேணும்னு இல்ல, நாளைக்கு.

ரெண்டாவது, முதல் வாரம் நீங்க நிக்கற இடத்துலயே நடக்கற கேம் மட்டும் ஆடுங்க. கேம் உங்கள நகத்தக் கூடாது, நீங்க நகர்ந்தாதான் அங்கயும் நகரணும். பீட் சேபர் அப்படித்தான், கட்டை பறந்து வரும், நீங்க வெட்டுவீங்க, தரை அசையாது. மெட்டா ஸ்டோர்ல ஒவ்வொரு கேமுக்கும் கம்ஃபர்ட்டபிள், மாடரேட், இன்டென்ஸ்னு மூணு தரம் போட்டிருப்பாங்க, முதல் ரெண்டு வாரம் கம்ஃபர்ட்டபிள தாண்டாதீங்க. யூடியூப்ல வர்ற ரோலர்கோஸ்டர் வீடியோவ வச்சு ஆரம்பிக்கறவங்கள பாத்தா எனக்கு அவ்ளோ கோவம் வரும், அது நீச்சல் தெரியாதவன கிணத்துல தள்ளி விடற வேலை.

அப்புறம் நடக்கற கேமுக்கு போகும்போது செட்டிங்ஸ்ல மூணு விஷயம் பாருங்க. டெலிபோர்ட் இருந்தா அத வைங்க, அதாவது கண்ட்ரோலர்ல இருக்கற குச்சிய தள்ளி நடக்காம ஒரு இடத்த காட்டி அங்க போய் நிக்கறது. திரும்பறதுக்கு ஸ்மூத் டர்ன் வேணாம், ஸ்னாப் டர்ன் வைங்க, படக்குன்னு முப்பது டிகிரி இல்ல நாப்பத்தஞ்சு டிகிரி திரும்பும், பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா வயித்துக்கு நல்லது. மூணாவது விக்னெட், நகரும்போது ஓரமெல்லாம் கறுப்பாகி நடுவுல மட்டும் தெரியும். ஓரக்கண்ணுல தெரியற அசைவுதான் மூளைய அதிகமா ஏமாத்துது, அத மறைச்சிட்டா பாதி பிரச்சனை போச்சு. பழக பழக ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம். எனக்கு ஸ்மூத் டர்னுக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு, என் தங்கச்சி பையனுக்கு மூணு நாள், என் வீட்டுக்காரிக்கு இன்னும் வரல, அவ ஸ்னாப் டர்ன்லயே சந்தோஷமாதான் இருக்கா.

டேபிள் ஃபேன் ஒண்ண எதிர்ல வச்சுக்குங்க. வேர்வைக்கு மட்டும் இல்ல, காத்து ஒரே பக்கத்துல இருந்து அடிக்கறதால நீங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கறீங்கன்னு உடம்புக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும், பீரோவுல போய் முட்டறதும் குறையும். சாப்ட்ட உடனே ஆடாதீங்க, வெறும் வயித்துலயும் வேணாம். இஞ்சி மரப்பா, எலுமிச்சம்பழமா, பஸ்ல உங்களுக்கு எது கேக்குமோ அது பக்கத்துல இருக்கட்டும். ஆடி முடிச்சதும் உடனே வண்டி எடுக்காதீங்க, ஒரு அரை மணி நேரமாச்சும் போகட்டும், எனக்கு ஆரம்பத்துல என் கையே என் கை மாதிரி இல்லாம இருக்கும்.

கண்ணு வலிக்குதுன்னா அது வேற சமாச்சாரம். உள்ள ஒரு பொருள் மூக்குக்கிட்ட வந்தாலும், தூரத்து மலையா இருந்தாலும், உங்க கண்லென்ஸ் ஃபோகஸ் பண்றது என்னவோ ஒரே தூரத்துலதான், ஆனா ரெண்டு கண்ணும் கிட்ட இருக்கறதுக்கு உள்பக்கமா திரும்பும். கண்ணுக்கு இது பழக்கமில்லாத வேலை. அதனால உள்ள எதையும் ரொம்ப கிட்ட வச்சு உத்து பாக்காதீங்க, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ கழட்டி ஜன்னல் வழியா தூரமா எதையாச்சும் பாருங்க. வலிப்பு வர்றவங்க டாக்டர கேக்காம மாட்டவே கூடாது.

மூஞ்சி, முடி, வேர்வை

க்வெஸ்ட் 3 அரைக் கிலோவுக்கு ஒரு பொடி கூட, 515 கிராம். பெட்டிலயே வர்ற துணி ஸ்ட்ராப் அந்த வெயிட்ட முழுக்க கன்னத்துல எறக்கும், கழட்டும்போது ராக்கூன் மாதிரி தடம் இருக்கும். ஒரு நல்ல ஸ்ட்ராப் தனியா வாங்குங்க, பின்னாடி பேட்டரி வச்சது கிடைக்குது, பின்னாடி வெயிட் இருந்தா முன்னாடி வெயிட்டுக்கு ஈடு கட்டும், ரெண்டு மணி நேரத்துல தீந்துபோற சார்ஜும் நீளும். மாட்டும்போது பின்பட்டை மண்டைக்கு நடுவுல இருக்கக் கூடாது, பிடரிக்கு மேல அந்த மேடு இருக்குல்ல, அதுக்கு கீழ கவ்வணும். மேல்பட்டைய இழுத்து முன்பக்கத்த தூக்கிட்டு, அப்புறம் மேல கீழ லேசா ஆட்டி எழுத்து எங்க பளிச்சுன்னு தெரியுதோ அங்க நிறுத்தணும். கொண்டை போட்டிருந்தா பின்பட்டை நிக்காது, தாழ்வா பின்னிக்கறது சவுகரியம்.

சென்னை மே மாசத்துல ஏசி இல்லாம ஆடணும்னா கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். காலைல ஆறு மணிக்கு ஆடுங்க இல்ல ராத்திரி. ஒரிஜினல் ஸ்பான்ஜ் வேர்வைய குடிச்சிரும், நாலு பேர் ஆடற வீட்ல அது பொது டம்ளர் மாதிரி. சிலிக்கான் கவர் போட்டா தொடைச்சுட்டு அடுத்த ஆளுக்கு குடுக்கலாம். 2021 ஜூலைல க்வெஸ்ட் 2 ஸ்பான்ஜ் பட்டு தோல் அரிக்குதுன்னு நிறைய புகார் வந்து, அமெரிக்கால மட்டும் ஏறக்குறைய 40 லட்சம் ஸ்பான்ஜுக்கு ரீகால் போட்டு மேல மாட்டற சிலிக்கான் உறை ஃப்ரீயா குடுத்தாங்க, அதனால முகம் செவந்துச்சுன்னா உங்களுக்கு மட்டும்னு நெனச்சுக்காதீங்க. நெத்தில விபூதி, குங்குமம், தலைல எண்ணெய் இருந்தா தொடைச்சிட்டு மாட்டுங்க, இது சாமி குத்தம் இல்ல, எண்ணெய் லென்ஸ்க்கு போச்சுன்னா எல்லா லைட்டுக்கும் ஒரு ஒளிவட்டம் தெரியும்.

லென்ஸ் தொடைக்க கண்ணாடி தொடைக்கற அந்த மெத்துன்னு இருக்கற காஞ்ச துணி மட்டும், நடுவுல இருந்து வெளிப்பக்கமா. சானிடைசர், ஸ்பிரிட், வேட்டி நுனி எதுவும் கூடாது. கண்ணாடி போட்டவங்களுக்கு க்வெஸ்ட் 2ல பெட்டிலயே ஒரு ஸ்பேசர் இருக்கும், 3ல பட்டன அழுத்தி ஆழத்த கூட்டிக்கலாம். பண்ணலன்னா உங்க கண்ணாடியும் அந்த லென்ஸும் ஒரசி ரெண்டுலயும் கீறல். நம்ம பவருக்கு ஏத்த மாதிரி மாட்டற லென்ஸ் செஞ்சு தர்றாங்க, தினம் ஆடறவங்களுக்கு அது காசுக்கு தகும்.

அந்த அஞ்சு நிமிஷம்

இங்கதான் என் க்வெஸ்ட் 2 செத்துச்சு. அதனால இப்போ என் வீட்ல ஒரு சட்டம். ஹெட்செட் பெட்டிக்குள்ள போகாது. பெட்டி லாஃப்ட்ல, ஹெட்செட் டிவி பக்கத்துல ஒரு ஆணில, கைக்கு எட்டற உயரத்துல, கீழ சார்ஜர் ஒயர் தொங்கும். கழட்டுன கையோட ஒயர சொருகணும், "அப்புறம் போட்டுக்கலாம்"னா அவ்ளோதான். கண்ட்ரோலருக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஏஏ பேட்டரி, ரீசார்ஜ் பண்றது நாலு வாங்கி ரெண்டு உள்ள, ரெண்டு சார்ஜர்லன்னு வச்சுக்குங்க, ராத்திரி பத்து மணிக்கு அண்ணாச்சி கடைக்கு ஓடி ரிமோட்டுக்கு போடற பேட்டரி கேக்கற நிலைமை வராது. அப்டேட்ட நீங்க தூங்கும்போது நடக்கற மாதிரி வைங்க, வைஃபை ராத்திரி அணைக்கற வீடுன்னா ஞாயித்துக்கிழமை காலைல ஒரு தடவ கையாலயே தட்டி விட்ருங்க.

ஹால்ல டீப்பாய் இருந்துச்சு எங்களுக்கு. ஒவ்வொரு தடவயும் தள்ளி, திரும்ப இழுத்து போட்டுன்னு பாத்தேன், கடைசில டீப்பாய பெட்ரூமுக்கு அனுப்பிட்டேன். வீட்டுக்காரி கிட்ட இதுக்கு அனுமதி வாங்குனது தனிக்கதை. ஆனா நம்புங்க, நான் செஞ்ச எல்லா மாத்தத்துலயும் அதிகமா பலன் குடுத்தது அந்த டீப்பாய்தான், ஸ்ட்ராப் கூட அதுக்கு அப்புறம்தான்.

கரண்ட் போனா வைஃபை போகும், ஹெட்செட் போகாது, அதனால நெட் இல்லாம ஓடற ரெண்டு கேமாச்சும் இறக்கி வச்சிருங்க.

வீட்ல மத்தவங்க

ஒருத்தன் மூஞ்சில டப்பாவ மாட்டிட்டு ஹால் நடுவுல கைய கைய ஆட்டுனா மத்தவங்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும், டிவியாச்சும் எல்லாரும் பாப்பாங்க. அதனால காஸ்டிங் போடுங்க, உள்ள நீங்க பாக்கறது போன்லயோ டிவிலயோ ஓடும், அதுக்கப்புறம் வீடே கத்தும், "லெஃப்ட்ல வருது பாரு"ன்னு அம்மா சொல்ற அளவுக்கு வந்தாச்சு எங்க வீட்ல. ஆடறவன தொட்டு கூப்பிடக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, பேர சொல்லி கூப்பிடணும். என் வீட்டுக்காரி ஒரு தடவ பின்னாடி வந்து தோள தொட்டா, நான் திரும்புன வேகத்துல காபி டம்ளர் போச்சு.

விருந்தாளிக்கு காட்டும்போது காஸ்டிங் கட்டாயம், இல்லன்னா "அந்த பட்டன அழுத்துங்க, இல்ல, கீழ இருக்கறது, அது இல்ல"ன்னு குருடன் யானை கதைதான். வயசானவங்கள கை வச்ச நாற்காலில உக்கார வச்சு மாட்டுங்க, பத்து நிமிஷத்துக்கு மேல வேணாம், உயரமான இடத்துல நிக்கற மாதிரி எதையும் காட்டாதீங்க. சின்னப் பசங்களுக்கு மெட்டா சொல்ற வயசு வரம்பு 10, அதுவும் அப்பா அம்மா கன்ட்ரோல்ல இருக்கற அக்கவுண்ட்டோட. ஃப்ரீயா கிடைக்குதுன்னு கொரில்லா டேக்ங்கற ஆன்லைன் கேம போட்டு குடுத்துட்டு போயிராதீங்க, உள்ள முன்பின் தெரியாதவங்க குரல்ல பேசுவாங்க, ஒரு நாள் கூட உக்காந்து கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

எத ஆடறது

பெரிய பெரிய கேம் ஏன் வரலன்னு எல்லாரும் கேக்கறாங்க. ஆள் கம்மின்னு கம்பெனிக்காரன் செய்யல, கேம் இல்லன்னு ஆள் வாங்கல, முட்டையா கோழியா கதை. லோன் எக்கோங்கற வி.ஆர். கேம செஞ்ச ரெடி அட் டான் ஸ்டுடியோவ மெட்டாவே 2024ல மூடிருச்சு, அதே வருஷம் சோனியும் பிஎஸ் விஆர் கேம் செஞ்ச தன்னோட லண்டன் ஸ்டுடியோவ மூடுச்சு. அதனால "அடுத்த பெரிய கேம் வரட்டும்"னு காத்திருந்தா ஹெட்செட் மறுபடி பீரோ மேலதான். நாப்பது மணி நேரக் கதை உள்ள கேம விட, இருபது நிமிஷத்துல ஆடி முடிச்சு கழட்டறதுதான் இதுல நிலைக்கும். என் வீட்ல நிலைச்சது பீட் சேபர், வாக்கபவுட் மினி கோல்ஃப், இலெவன் டேபிள் டென்னிஸ். டேபிள் டென்னிஸ் நெஜத்துல ஆடுனவங்களுக்கு நம்பவே முடியாது, அவ்ளோ சரியா இருக்கும், ஒரே ஆபத்து என்னன்னா இல்லாத டேபிள் மேல கைய ஊனி விழுவீங்க, நான் விழுந்தேன். கிரிக்கெட் வேணும்னா ஹைதராபாத்ல செஞ்ச ஐபி கிரிக்கெட் இருக்கு, பேட்டிங் மட்டும்தான் நமக்கு, அப்பா ரெண்டு ஓவர் ஆடிட்டு "பந்து பேட்ல பட்டா கை உதறல, அதான் குறை"ன்னாரு, சரியான விமர்சனம். ஒரு கேம் ஒத்துக்கலன்னா வாங்கி 14 நாளுக்குள்ள, ஆடுனது 2 மணி நேரத்துக்குள்ள இருந்தா மெட்டா ஸ்டோர்லயும் ஸ்டீம்லயும் காச திருப்பி கேக்கலாம், கூச்சப்படாதீங்க.

நல்ல கேமிங் பிசி இருந்தா ஹாஃப் லைஃப் அலிக்ஸ் ஒரு தடவயாச்சும் ஆடுங்க, 2020ல வந்தது, இன்னும் அத மிஞ்சி ஒண்ணு வரலங்கறது என் கட்சி. கேம் பிசில ஓடி, படம் வைஃபை வழியா ஹெட்செட்டுக்கு வரும், அதனால பிசிய ரவுட்டரோட ஒயர்ல இணைச்சிட்டு, ஹெட்செட்ட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல போட்டு, ரவுட்டர் இருக்கற அதே ரூம்ல நில்லுங்க. பிசியும் வைஃபை, ஹெட்செட்டும் வைஃபைன்னா படம் திக்கும், திக்குனா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன், வயிறு.

ஒத்து வரவே இல்லன்னா

ரெண்டு மாசம் இதெல்லாம் செஞ்சு பாத்தும் வாரத்துக்கு ஒரு தடவ கூட கை போகலன்னா வித்துருங்க, புது மாடல் வந்தா விலை சரசரன்னு எறங்கும். விக்கறதுக்கு முன்னாடி போன் ஆப்ல உங்க அக்கவுண்ட்ல இருந்து ஹெட்செட்ட எடுத்துட்டு ஃபேக்டரி ரீசெட் போடுங்க. நீங்க வாங்குன கேமெல்லாம் உங்க அக்கவுண்ட்லதான் இருக்கும், வாங்கறவருக்கு போகாது, அத முன்கூட்டியே சொல்லிருங்க, இல்லன்னா அப்புறம் ராத்திரி போன் வரும். நீங்க செகண்ட் ஹேண்ட் வாங்கறவரா இருந்தா, வெள்ளை ஸ்க்ரீன் எதையாச்சும் போட்டு ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியா மூடிப் பாருங்க, மஞ்சளாவோ கறுப்பாவோ புள்ளியோ கோடோ தெரிஞ்சா அது வெயில்ல வச்ச ஹெட்செட்டா இருக்கலாம், என்ன விலைக்கு குடுத்தாலும் வேணாம். கண்ட்ரோலர் குச்சிய தொடாம விட்டுப் பாருங்க, தானா நகந்துச்சுன்னா அதுவும் கணக்குல கழிச்சுக்குங்க. என் க்வெஸ்ட் 2 வ அந்த செத்த புள்ளியோட, அம்மா வச்ச குங்குமக் கறை ஸ்ட்ராப்ல லேசா இருக்க, தெருமுனைல இருக்கற ஒரு காலேஜ் பையன் வாங்கிட்டு போனான், புள்ளிய காட்டி ஆயிரம் ரூபா கொறைச்சான், கறைய பத்தி ஒண்ணும் கேக்கல.